கறிநாளில் போட்ட மூன்றாவது இலை

என் மகள் புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்தபோது அவளிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு நாயும் இருந்தன. கணவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். குழந்தை இல்லை. வருவதற்கு முன் தொலைபேசியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, நாயையும் கூட்டிட்டு வரலாமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அதை வுட்டுட்டு நான் வரமாட்டேன்."

வா என்றேன். வீட்டில் யாரையும் கலந்துகொள்ளவில்லை. வீடு என் பெயரில் இருந்தாலும் அதை நடத்துவது மகனும் மருமகளும்தான். அதை அப்போது நான் நினைக்கவில்லை.

மின்சார ஃப்யூஸுக்கான பீங்கான் கட்டைகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை என் மகன் வைத்திருக்கிறான். வீடும் பட்டறையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. பட்டறையில் ஒருமுறை திருட்டுப் போனதிலிருந்து இரண்டு பெரிய நாய்களை வளர்க்கிறோம். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை, ராஜபாளையமும் நாட்டுநாயும் கலந்தவை. ஒன்று கறுப்பு, மற்றது செவலை. பகலில் பட்டறைப் பக்கம் சங்கிலியில் கிடக்கும். வேலையாட்கள் போன பிறகு அவிழ்த்துவிட்டால் காலை வரை சுற்றுச்சுவருக்குள் எல்லா இடமும் அவற்றுடையதுதான். என் நாற்காலியருகே வந்து முகத்தைத் தொடையில் வைத்துக்கொள்ளும். வீட்டு மனிதர்களிடம் பச்சைப்பிள்ளைகள் மாதிரி. வெளியிலிருந்து வரும் பூனையைக்கூட விட்டதில்லை.

மகளின் நாய் வெள்ளை நிறம். பொமரேனியன் என்று சொல்லி விற்றார்களாம், வளர்ந்தபின் எதுவென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது. ஒரு கையில் தூக்கிவிடலாம். அவள் அதை மார்போடு அணைத்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பெரிய நாய்கள் இரண்டும் சங்கிலியை இழுத்துக் குரைத்த சத்தத்தில் அவள் அண்ணன் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. நாய்கள் ஓய்ந்த பிறகு அவன் மறுபடியும் சொன்னான்.

"பாப்பா, உன் நாயி நம்ம நாயிங்களுக்கு ஒரு வாய் டிபனு."

நாற்பதைத் தாண்டிய தங்கையை அவன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அவள் சிரிக்கவில்லை. "நான் பழக்கிடுவேன் அண்ணா. கொஞ்சம் நாள் மட்டும் குடு" என்றாள்.

மருமகள் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "மாமா, பாப்பா எவ்ளோ நாள் வேணா இருக்கட்டும், அது அவங்க வூடு. ஆனா ராத்திரிக்கு நம்ம நாயிங்கள கட்டிப்போட முடியாதுங்க. அதுங்க பழகலன்னா என்னா பண்றதுன்னு அவங்களையே கேட்டுக்குங்க." நியாயமான பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை. மகளை வெளியே தள்ள வழி பார்க்கிறாள் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆக, மகள் இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது மூன்று நாய்கள் கையில் இருந்தது.

புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவர் அவளுக்கு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் வாசனை. தன் நாய் படுத்த துணியைப் பட்டறையில் பெரிய நாய்கள் படுக்கும் இடத்தில் போட்டாள். அங்கிருந்த சாக்கை எடுத்துவந்து தன் அறையில் விரித்தாள். அறை முழுக்க நாற்றம். பிறகு நடை. அண்ணன் கறுப்பைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ள, இவள் சின்னதைப் பிடித்துக்கொள்ள, எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள வெற்றுமனையில் இருவரும் ஒரே திசையில் நடப்பார்கள். முதலில் இவர்களுக்கு நடுவே ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கறுப்பு சரியானதும் செவலை. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோவது அதற்கும் பிறகுதான். அவளுக்கு அவசரமே இல்லை. அவள் அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கையில் காய்ந்த மண்ணோடு அப்படியே போவான். அவனுக்கும் அந்த நடை பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். சின்ன வயதுக்குப் பிறகு அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மற்ற நேரமெல்லாம் சின்னது அறைக்குள். அறைக்கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி. உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்போது கொண்டி போட வேண்டும். அதுதான் சட்டம். புதுச்சேரியில் ஆசிரியையாக இருந்த மகளும், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும்வரை, பெரும்பாலும் அந்த அறையிலேயே இருந்தாள். நாய் அழும் என்பதால் தட்டை எடுத்துப் போய் அங்கேயே சாப்பிட்டாள். பேரன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான்; கூடத்தில் நாங்கள் மூவரும் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் அவள் அதனோடு பேசும் குரல் கேட்கும். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு மாலை வெற்றுமனையிலிருந்து திரும்பியவள் வாசலிலேயே நின்று, "கறுப்பு படுத்துடுச்சுப்பா! பக்கத்துல படுத்துடுச்சு! இது போயி அதோட காதை மோந்து பாக்குது, அது பேசாம இருக்குது" என்றாள். வந்ததிலிருந்து அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது. மருமகள்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப இனிமே எனக்குக் கொண்டி போடற வேல கொறஞ்சுடும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது மகள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணே ஒண்ணுதாம்பா. தின்ற எடத்துல மட்டும் இதுங்கள ஒண்ணா வுடக்கூடாது. எவ்ளோ பழகினாலும் சோறு தனித்தனியாத்தான்." நான் கேட்டேன், தலையாட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி கிடையாது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் கறிநாள். வீட்டுக்கு வீடு கறி எடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அன்று உறவெல்லாம் என் வீட்டில் கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். வருஷம் முழுக்க முகம் கொடுக்காதவர்கள்கூட அன்று பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். நிலத்தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட என் சித்தப்பா பிள்ளைகள் இருவரை நானே கையைப் பிடித்து இழுத்துவந்து அப்படி உட்காரவைத்திருக்கிறேன். ஒருவர் இலையில் கறி தீர்ந்ததும் மற்றவர் தன் இலையிலிருந்து எடுத்துப் போட்டார். அந்தச் சாதனையை நான் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். எதையும் சோதித்துப் பார்த்தபின் நம்பு என்று மாணவர்களுக்குச் சொன்னவன். இந்த வயதில் என் மூளையில் மிஞ்சியிருந்தது அந்தப் பந்தி மட்டும்தான்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. கறிநாளுக்கு வரும் உறவுக்காரர்கள் என் மகளைப் பார்ப்பார்கள். புருஷன் விட்டுப்போனவள், அறைக்குள் நாயோடு உட்கார்ந்து தின்கிறாள் என்று ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேசுவார்கள். அவள் கூடத்தில், எல்லோருக்கும் நடுவில், காலடியில் நாய் சுற்ற உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என் கௌரவத்துக்காகத்தான்.

அன்று காலை என் அக்கா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு மூட்டுவலி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர மகனும் மகளும் சேர்ந்து போனார்கள். மருமகள் பின்கட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். சற்றுமுன் மகளின் அறைக்குள் போய்ப் பரணிலிருந்து பெரிய தாம்பாளத்தை எடுத்துவந்திருந்தாள். வரும்போது கொண்டி போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழை இலையில் மூன்று துண்டு கிழித்தேன். எலும்பும் கொஞ்சம் கறியும் சோறும் வாங்கிக்கொண்டேன். "நாயிங்களுக்கா மாமா? அதுக்குள்ளயா?" என்று கேட்ட மருமகளிடம் நல்ல நாள், அதுகளும் தின்னட்டும் என்றேன். பட்டறைப் பக்கம், உடைந்த பீங்கான் கொட்டிக் கிடக்கும் குவியலுக்குப் பக்கத்தில் தரையைக் கூட்டி, மூன்று இலையையும் வரிசையாகப் போட்டேன். பந்தி மாதிரி. கறுப்பையும் செவலையையும் அவிழ்த்துவிட்டேன். அவை தின்னத் தொடங்கியதும் உள்ளே போய்க் கொண்டியை எடுத்து, சின்னதைத் தூக்கிவந்தேன். அது என் கையை நக்கிக்கொண்டே வந்தது.

மூன்றாவது இலையில் இறக்கினேன். பெரியவை நிமிர்ந்து பார்த்தன, மறுபடி குனிந்தன. சின்னதும் தின்றது. மூன்றும் ஒரே வரிசையில் தின்பதை நின்று பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. மகள் வாசலில் இறங்கும்போது இதைக் காட்டுவேன், மருமகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன் என்றெல்லாம் யோசித்தேன்.

மகள் அதற்குக் கையால் ஊட்டித்தான் பழக்கம். யாருடைய தட்டிலும் வாய் வைக்கும், யாரும் அதட்டமாட்டார்கள். தன் இலையை விட்டுச் செவலையின் இலைக்குப் போயிற்று. செவலை உறுமக்கூட இல்லை. கழுத்தைக் கவ்வி இரண்டு உதறு உதறிப் போட்டுவிட்டு, தன் இலைக்கே திரும்பிக்கொண்டது. நான் கைத்தடியை ஓங்கியது அதற்குப் பிறகுதான்.

சத்தம் கேட்டு மருமகள் ஓடிவருவது தெரிந்தது. அவள் வந்து சேர்வதற்குள் நான் செய்தது என்ன? அடிபட்டதைத் தூக்கவில்லை. மூன்றாவது இலையை மடித்துப் பீங்கான் குவியலுக்குள் செருகினேன். எதற்காக என்று யோசிக்கவேயில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

"ஐயையோ மாமா! இது எப்பிடி வெளிய வந்துச்சு?"

"கதவு தெறந்து கெடந்திருக்கும்போல" என்றேன்.

அவள் முகம் மாறியது. கரண்டி இன்னும் கையில் இருந்தது. "நான்தான் தாம்பாளம் எடுக்கப் போனேன். கொண்டி போட்டனே... போட்டேன்னுதான் நெனக்கிறேன் மாமா. அடுப்பு ஞாபகத்துல வுட்டுட்டனோ?" என்று என்னிடமே கேட்டாள். போட்டாய் அம்மா, நான் பார்த்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. நான் செவலையைக் கட்டப் போனேன்.

அக்காவை ஏற்றிக்கொண்டு ஆட்டோ வந்தபோது சின்னதுக்கு உயிர் இருந்தது. மகள் அதை முந்தானையில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால்நடை ஆஸ்பத்திரி பொங்கல் விடுமுறை. மகன் நெய்வேலியில் தெரிந்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டு, அவர் வரச்சொல்லி, வண்டியை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கதவ யாரு தெறந்தா?" என்று கேட்டாள் மகள்.

மருமகள், "பாப்பா, நான்தான் தாம்பாளம் எடுக்க..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"சொன்னீங்கல்ல அண்ணி, கொண்டி போடற வேல கொறையும்னு. கொறஞ்சுடுச்சா?"

"ஏம்மா, வேணும்னா செய்வேன்? நானும் புள்ள பெத்தவதான்."

"ஆமா, நான் பெக்காதவ. அதான் எனக்கு இது. அதையும் எடுத்துட்டீங்க."

என் அக்கா குறுக்கே வந்தாள். "அடியே, ஒரு நாயிக்காவா நல்ல நாளும் அதுவுமா நாத்தனாரும் அண்ணியும் இப்பிடி நிப்பீங்க? போனது நாயிடி. வேற நாயி வாங்கிக்க. எழுந்திரு, குளிச்சுட்டு வா, பந்தி போடணும்."

மகள் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த பார்வை அது. தனக்கு ஆதரவாகச் சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

மகன் குழி தோண்டினான். எங்கள் மண்ணில் மண்வெட்டி சுலபமாக இறங்காது, எங்கே வெட்டினாலும் பழைய உடைசல் தட்டும். அவன் தோண்டி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பந்தி நடந்தது. உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள், குழம்பு கொதித்துவிட்டது, நிறுத்த முடியாது என்றார்கள். மருமகள் அழுத முகத்தோடு பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். இலையை மூடும் அளவுக்குச் சாப்பிட்டேன்.

மகள் அந்த வாரமே கிளம்பினாள். மகன் அவளைத் தடுக்கப் பார்த்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே என்னா பாப்பா பிரச்சன? நம்ம நாயிங்களோட பழக்க வேண்டிய வேலகூட இல்ல. நீ பாட்டுக்கு இரு." அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். "ஆமாண்ணா. இப்ப இருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை அழுத்தினாள். புதுச்சேரியில் பழைய பள்ளியிலேயே மறுபடி சேர்ந்துகொண்டு பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்தாள். மருமகளின் போனை அவள் எடுப்பதில்லை.

வெயில் காலம் வந்தது. சின்ன நாய் இல்லாத வீட்டில் மருமகள் எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் கொண்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்து, நாலடி போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். துணி காயப்போடப் போனால்கூட. மகன் கிண்டல் செய்தான்: "என்னா, பேங்கு லாக்கரா?" அவள் சிரித்துவிட்டு மறுபடி இழுத்தாள். என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு நேராகத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். இலை போட்டதிலிருந்து எல்லாவற்றையும்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் போட்டேன்."

"நீ போட்டம்மா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"தெனமும் நெனச்சுப் பாப்பேன் மாமா. சில நாளு கையி கொண்டியில இருக்கற மாதிரி இருக்கும். சில நாளு இல்லாத மாதிரி இருக்கும். பைத்தியம் புடிக்குதோன்னு பயந்துட்டேன்." திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "பாப்பாகிட்ட சொல்லுங்க. நான் சொல்லக்கூடாது. நீங்க நேர்ல போயி சொல்லுங்க" என்றாள்.

போனேன். விடுதியின் பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களுக்கு நடுவே என் மகளிடம் சொன்னேன். மருமகளிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி சொல்லச் சொன்னாங்களா?"

"போயிச் சொல்லச் சொன்னா. ஆனா நடந்தது இதுதாம்மா."

"தின்ற எடத்துல ஒண்ணா வுடக்கூடாதுன்னு உங்ககிட்டதாம்பா சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க. அதுக்கப்புறம் நீங்க அப்பிடி செய்வீங்களா?" அவள் கண் கலங்கியிருந்தது, கோபம் இல்லை. "அவங்க வூட்ல இருக்கீங்க, அவங்க போடற சோறு. எனக்குப் புரியுது. அவங்க சொல்ற மாதிரியே இருந்துக்குங்க, எனக்காகச் சண்ட போடாதீங்க. ஆனா எங்கிட்ட வந்து இத சொல்லாதீங்கப்பா. உங்க வாயால கேக்க முடியல."

இலையைக் குவியலுக்குள் மறைத்ததைச் சொன்னேன். அதுவும் அண்ணி சொல்லிக்கொடுத்தது என்றே எடுத்துக்கொண்டாள். என்னைப் பற்றி அவளுக்கிருந்த நல்ல எண்ணத்தை எங்கே தொட்டு உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் காபி வாங்கிக் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்து அனுப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மருமகள் கேட்டருகே நின்றிருந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். நம்பல. நீ சொல்லிக்குடுத்து அனுப்பினதா நெனக்கிறா."

அவள் என் பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப அதுவும் என் தலையிலயா?" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது. "இன்னொரு தடவ போயிப் பாருங்களேன்."

போனேன். அந்தப் பேச்சை எடுப்பதாக இருந்தால் வராதீர்கள் அப்பா என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆகவே இப்போது எடுப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். என் மூட்டுவலிக்கு அவள் வாங்கிவைத்திருக்கும் தைலத்தைக் கொடுக்கிறாள், பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பஸ் நகரும்வரை நிற்கிறாள். வீட்டுக்கு வந்தால் மருமகள் சோறு போடுகிறாள். இப்போதெல்லாம் என்ன சொன்னாள் என்று அவள் கேட்பதில்லை.